நூற்றுப் பதினேழு ஜோடிக் கண்கள்

1956-ஆம் ஆண்டு ஆனி மாதம் வரை திம்மப்பன் எடுத்திருந்த பிணப்படங்கள் நூற்றுப் பதினேழு. ஓசூர்த் தாலுகாவில் அவரைவிட அதிகம் செத்தவர்களை நேருக்கு நேர் பார்த்தவர் பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒருவர்தான் என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். டாக்டரையாவது ஆள் உயிரோடு இருக்கும்போது கூப்பிடுவார்கள். திம்மப்பனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

பாகலூர், சானமாவு, குந்தாரப்பள்ளிப் பக்கங்களில் அப்போது உயிரோடு இருக்கிறவர்கள் படம் எடுத்துக்கொள்வது அபூர்வம். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் பாதி. ராகிக் காட்டில் வேலையைப் போட்டுவிட்டு ஓசூருக்குப் போய் நாற்காலியில் விறைத்து உட்கார யாருக்கு நேரம் என்பது மீதி. மூச்சு நின்ற பிறகுதான் வீட்டில் முகம் என்று ஒன்றும் மிஞ்சவில்லையே என்று ஞாபகம் வரும். உடனே ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு திம்மப்பனிடம் ஓடி வருவார்.

வேலை எப்போதும் ஒரே மாதிரிதான். செத்தவரைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நாற்காலியில் உட்கார வைப்பார்கள். உடம்பு சாயாமல் இருக்க ஓர் ஆள் பின்னால் துப்பட்டிக்குள் மறைந்து நின்று தோளைப் பிடித்துக்கொள்வார். வாய்க்கட்டை ஒரு நிமிஷம் அவிழ்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் திம்மப்பன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, குறி பார்த்து, கண்ணாடித் தகட்டில் முகத்தை வாங்கிவிட வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்குள் படம் சட்டம் போட்டு வந்துவிட வேண்டும். அதில் கண் திறந்திருக்க வேண்டும்.

கண் விஷயம் 1938-இல், அவருடைய முதல் படத்திலேயே தொடங்கியது. செத்தவருடைய தாய், "எம்புள்ள கண்ணைத் தொறந்து பாக்கற மாதிரி செஞ்சு குடுங்க சாமி" என்று சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்த திம்மப்பனுக்கு எப்படி என்று தெரியவில்லை. முகத்தில் தழும்பு மறைப்பதற்கு நெகட்டிவில் பென்சில் போடத் தெரியும். மூடிய இமைமேல் பென்சில் போட்டால் பிரதியில் வெள்ளையாக வரும், அதன்மேல் மெல்லிய தூரிகையால் கருவிழியை வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். ஆனால் எதைப் பார்த்து வரைவது? அறையில் இருந்தது அவர் ஒருவர்தான். சவரக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து, தன் கண்ணைப் பார்த்து வரைந்தார். கண் என்றால் கண்தானே என்று நினைத்தார்.

படத்தை வாங்கிய அந்தத் தாய் இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார். "எங்க போனாலும் என்னையேதான் பாக்கறான்" என்று படத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். கண் நான் போட்டதம்மா என்று சொல்லத் திம்மப்பன் வாயைத் திறந்தார். சொல்லவில்லை.

அதன் பிறகு பேச்சு ஊர் ஊராகப் போயிற்று. திம்மப்பனுடைய மிஷின் செத்தவர் கண்ணைத் திறந்துவிடும் என்றார்கள். கடைசிப் பார்வை இமைக்குள் தங்கியிருக்கும், அதை அந்தப் பெட்டி இழுத்துக்கொள்ளும் என்றார்கள். திம்மப்பன் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அந்த ஒரு பேச்சில்தான் அவர் பிழைப்பு ஓடியது. அது உடைந்தால் ஓசூரில் அவருக்கு வேறு வேலை இல்லை, வேறு ஆளும் இல்லை.

கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். பொணம் பார்த்த பெட்டி மணமேடைக்கு ஆகாது. கல்யாணம் என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து வேறு ஆள் வருவார். திம்மப்பனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்கிறவர்கள் தொழிலைக் கேட்டதும் எழுந்துகொண்டார்கள். ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். யாருக்கும் அவர்மேல் வெறுப்பு இல்லை. ஆனால் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறவரை வழியில் பார்க்கிற யாரும் சௌக்கியமா என்று கேட்டதில்லை. "யாருண்ணா?" என்றுதான் கேட்பார்கள். அவரும் செத்தவர் பேரைச் சொல்லிவிட்டுப் போவார்.

அந்த ஆனி மாதத்தில் ஒரு காலை ராஜப்பன் வந்து ஸ்டூடியோ வாசலில் சைக்கிள் மணியை அடித்தார். மத்திகிரியில் தனியாக இருந்த டிரெவின் துரைக்குச் சமையல்காரர் இந்த ராஜப்பன். துரை கோலார்த் தங்கச் சுரங்கத்தில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

திம்மப்பன் முக்காலியை எடுத்துக்கொண்டே கேட்டார். "எப்பப் போச்சு உசுரு?"

"யோவ், வாயைக் கழுவு! துரை உள்ள உக்காந்து முட்டை தின்னுக்கினு இருக்காரு. படம் அவருக்கு இல்ல, கல்லுக்கு."

"கல்லுக்கா?"

"கல்லுக்குத்தான். வந்து பாரு. நானும் பத்து வருசமா அதுக்குத் தூசி தட்டறேன். ஒரு நாளாவது நல்லா இருக்கியான்னு கேட்டிருக்குமா?"

மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அதை வைத்திருந்தார்கள். பச்சைக் கல்லில் செதுக்கிய ஒரு முகம். அகன்ற நெற்றி, ஜன்னல் சட்டம் போல நேராக வெட்டிய காதுகள், ஏதோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி கொஞ்சம் திறந்த வாய். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள். காதிலும் நெற்றி ஓரத்திலும் கயிறு கோக்கத் துளைகள் இருந்தன. திம்மப்பன் தூக்கிப் பார்த்தார். அம்மிக் குழவி கனம் கனத்தது.

"மெக்சிகோ" என்றார் துரை. எழுபது வயது தாண்டியவர், மெலிந்த உடம்பு. அவர் பேசுகிற தமிழ் சுரங்கத்துக்குள் ஆட்களை வேலை வாங்கிக் கற்றுக்கொண்டது. "இந்தியா வர முன்னே நான் அங்கே வெள்ளிச் சுரங்கத்துல வேலை. இருபது வயசு. ஒரு கூலிக்காரன் ஒரு பாட்டில் சாராயத்துக்கு இதைக் குடுத்தான். நான் சிரிச்சுக்கினே வாங்கினேன்."

திம்மப்பன் கல்லைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். உள்ளே குடைந்திருந்தது. ஆனால் கண் குழி எதுவும் பின்பக்கம் வரை வரவில்லை. "இதைக் கட்டிக்கினு எப்படிங்க தொரே பாக்கறது? கண்ணுல ஓட்டையே இல்லியே."

"பாக்க இல்ல மேன். செத்த ஆளுக்கு."

திம்மப்பன் கல்லை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆள் செத்தா உக்கார வெச்சு, துணி சுத்தி, மூட்டை கட்டும். மூட்டைக்கு மூஞ்சி ஏது? அந்த எடத்துல இதைக் கட்டும். படிச்சவங்க அப்படித்தான் சொல்றாங்க. கட்டினதை யாரும் கண்ணால பாக்கல, நானும் பாக்கல. ஆயிரத்து ஐந்நூறு வருசம் ஆச்சு."

"அங்கயும் உக்கார வெச்சா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லைங்க. கண்ணு எப்படிங்க இருந்திருக்கும்?"

"வெள்ளைக்குச் சிப்பி. கருமணிக்குக் கறுப்புக் கல்லு, கண்ணாடி மாதிரி. எல்லாம் விழுந்துபோச்சு."

"இது யார் மொகம்?"

"யார் மொகமும் இல்ல. இந்த மாதிரி நெறைய இருக்கு. எல்லாம் ஒரே மூஞ்சி. ஆம்பளையா பொம்பளையா, அதுகூடத் தெரியாது. செத்தவனுக்கு ஒரு மூஞ்சி வேணும், அவ்வளவுதான்."

துரைக்கு டாக்டர் ஒரு வருஷம்தான் கெடு கொடுத்திருந்தார். சமாதியைத் தோண்டி எடுத்த பொருளை வைத்துக்கொண்டு சாக மனம் இல்லை, அந்த நாட்டு மியூசியத்துக்கே திருப்பி அனுப்பப்போகிறேன் என்றார். "நான் போயிட்டா ராஜப்பன் இதுலே மசாலா அரைப்பான்."

"அதுக்குக்கூட லாயக்கில்லீங்க, மூக்கு இடிக்கும்" என்றார் ராஜப்பன்.

அனுப்புவதற்கு முன்னால் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று படம் வேண்டும். திம்மப்பன் கறுப்புத் துணிக்குள் போனார். மங்கின கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த முகத்தைப் பார்க்கும்போதுதான் கவனித்தார். இரண்டு குழியும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மயிரிழை தாழ்ந்திருந்தது. வெளியே வந்து விரலால் தடவிப் பார்த்தார். உண்மைதான். இவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தவனுக்கு அளவு தப்பியிருக்காது. எதையோ பார்த்துக் கொத்தியிருக்கிறான். பக்கத்தில் ஆள் இல்லாமல், பாத்திரத்துத் தண்ணீரில் தன் முகத்தையே பார்த்துக் கொத்தினானோ? பேர் தெரியாத அந்த ஆளை நினைக்க நினைக்கத் திம்மப்பனுக்குப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் தொழிலில் இன்னொருவனைச் சந்தித்த மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்துப் பிரதிகளைக் கொண்டுபோனார். மூன்றுக்கு மேல் நாலாவதாக ஒன்று இருந்தது. கண் இல்லாமல் அதைக் கொடுக்கக் கை வரவில்லை. துரை சந்தோஷப்படட்டும் என்று, சிப்பி விழுந்த குழியில் வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்துக் கண் வரைந்திருந்தார்.

துரை அந்த நாலாவது படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு திம்மப்பனைப் பார்த்தார். "ராஜப்பா! இங்க வா. இது யாரு?"

ராஜப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "அட, நம்ம போட்டோக்காரரு!"

துரை சிரித்துச் சிரித்து இருமினார். திம்மப்பனும் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் கல்லில் விழுந்து புருவம் கிழிந்ததிலிருந்து அவருடைய ஓர் இமை கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். பச்சைக் கல் முகத்திலும் ஓர் இமை தாழ்ந்திருந்தது.

"இதை நீயே வெச்சுக்கோ" என்று நாலாவது படத்தைத் துரை திருப்பிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் திம்மப்பன் ஸ்டூடியோக் கதவைச் சாத்திவிட்டு, அலமாரியிலிருந்த மாதிரிப் பிரதிகளைத் தரையில் பரப்பினார். பதினோரு பேர். தலைப்பாகை கட்டினவர், நாமம் போட்டவர், மூக்குத்தி போட்ட அம்மாள், மீசை நரைத்தவர். பதினோரு பேரும் ஓர் இமையைத் தாழ்த்தி அவரைப் பார்த்தார்கள். எல்லாம் அவரே. பதினெட்டு வருஷமாக நூற்றுப் பதினேழு வீட்டுச் சுவரில் பொட்டு வைத்து, மாலை போட்டு, தினமும் விளக்கு காட்டுகிறார்கள் அவர் கண்ணுக்கு. ஒரு வீட்டிலும் உள்ளே வந்து உட்கார் என்று அவரிடம் சொன்னதில்லை. சோறு ஆறிப்போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு பதினொன்றையும் அடுக்கி உள்ளே வைத்துவிட்டு, கல் முகத்தின் படத்தை மட்டும் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். அதன் பிறகு சாப்பிடும்போது எதிரே ஒரு முகம் இருந்தது.

ஆடியில் அந்தக் கல் வைக்கோல் அடைத்த பெட்டியில் பெங்களூர் போய், அங்கிருந்து கப்பலுக்குப் போயிற்று.

ஆவணி பிறந்து பத்தாம் நாள் பாகலூரிலிருந்து செல்வம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் செத்த எல்லப்பனின் மனைவி. மடியில் துண்டு சுற்றிய சட்டம். பிரித்துக் காட்டினார். எல்லப்பன் பார்த்தார், திம்மப்பனுடைய கண்ணால்.

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. இது எங்க ஊட்டுக்காரர்தானே? படம் மாறிப்போகலியே?"

"மாறலம்மா. நானே வந்து எடுத்தேன். ஏன்?"

செல்வம்மாளுக்கு ஒரே மகள், சென்னம்மா. சானமாவுக் காட்டோரம் இருக்கும் வெங்கடம்மாளின் மகன் சின்னராஜுக்குப் பேசி முடித்து, வெற்றிலை பாக்கு மாற்றவும் வந்துவிட்டார்கள். வந்தவர்களோடு மாப்பிள்ளையின் தாய்மாமன் கரியப்பனும் வந்திருந்தார். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர். சுழி பார்த்து மாட்டின் வம்சத்தையே சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கினவர். சுவரில் எல்லப்பன் படத்தைப் பார்த்ததும் தூக்கிய தட்டைக் கீழே வைத்துவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்த அவருடைய மச்சான், மாப்பிள்ளையின் அப்பா சென்னகிருஷ்ணன், தன் வீட்டுச் சுவரிலிருந்து இதே கண்ணால்தான் பார்க்கிறாராம்.

"ரெண்டு பேரும் ஒரே அப்பனுக்குப் பொறந்தவங்கன்னு சபையிலயே சொல்லிட்டாருண்ணா. அப்படின்னா மாப்பிள்ளையும் பொண்ணும் அண்ணன் தங்கச்சி முறையாச்சாம். அந்தக் காலத்துல மச்சானோட அப்பாரு மாடு ஓட்டிக்கினு பாகலூர்ப் பக்கம் வருவாராம்..." செல்வம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். "செத்து முப்பது வருசமான எங்க மாமியாருக்கு இந்தப் பேரு. எம்பொண்ணைத் தேடி இனிமே யாரு வருவாங்க?"

திம்மப்பன் சட்டத்தின் ஓரத்தை விரலால் துடைத்தார். ஒரு வார்த்தை சொன்னால் இந்த அம்மாள் பிரச்சினை தீர்ந்துவிடும். அதே வார்த்தையில் நூற்றுப் பதினேழு வீட்டுப் படமும் பொய்யாகிவிடும்.

"வெளிச்சக் கோளாறா இருக்கும்மா. சில நேரம் மிஷின் அப்படிப் பண்ணும்" என்றார்.

"அப்படியே போய்ச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

செல்வம்மாள் படத்தைத் துண்டில் சுற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டார். படத்தின் கண்ணோடு தன் கண்ணை வைத்து ஒற்றினார். திம்மப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கரியப்பன் அதை ஒப்பவில்லை. மிஷினுக்கு இமை ஏது சாய்வதற்கு, அந்த ஆளை நேரில் வரச் சொல், இல்லாவிட்டால் சம்பந்தம் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாகலூரில் செல்வம்மாள் வீட்டுக்குச் சானமாவிலிருந்து சென்னகிருஷ்ணன் படத்தையும் கொண்டுவந்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். திம்மப்பன் பெட்டி இல்லாமல், கையில் ஒரு காகித உறையோடு போனார். வழியில் யாரும் யாருண்ணா என்று கேட்கவில்லை. அது அவருக்கே விசித்திரமாக இருந்தது.

"வாய்யா போட்டோக்காரரே" என்றார் கரியப்பன். "சந்தையில ஆயிரம் மாட்டைப் பாத்தவன் நான். இந்த ரெண்டு கண்ணும் ஒரே வம்சம். இல்லைன்னு சொல்லு பாக்கலாம்."

"இல்லைன்னு சொல்லலீங்க. ஒண்ணுதான்."

செல்வம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா அது அவங்க கண்ணு இல்ல. நான் போட்டது."

"போட்டதுன்னா?"

"பென்சில்ல போட்டது. செத்தவங்க கண்ணு மூடித்தான் இருந்துது. மூடின கண்ணை எந்த மிஷினும் தொறக்காது. எனக்குப் பாத்து வரைய வேற ஆளில்ல. கண்ணாடியில என் கண்ணையே பாத்து வரைஞ்சேன். எல்லாருக்கும் அதான்."

கதவுக்குப் பின்னால் சென்னம்மாவின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. வெங்கடம்மாள் தன் கணவன் படத்தையும் திம்மப்பனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப மூணு வருசமா நான் யாரைப் பாத்து வெளக்கு வெச்சேன்?"

திம்மப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

கரியப்பன் விடவில்லை. எழுந்து வந்து, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி திம்மப்பன் மோவாயைப் பிடித்துத் தூக்கினார். "பொய்யி! உனக்குச் சாஞ்சிருக்கிறது எடது கண்ணு. படத்துல வலது கண்ணு. கல்யாணத்தை எப்படியாவது முடிக்க இந்தம்மா உனக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்குது."

"ஒரு கண்ணாடி குடுங்க."

சென்னம்மா உள்ளேயிருந்து கைக்கண்ணாடியை எடுத்துவந்து நீட்டினாள். திம்மப்பன் அதில் தன் முகம் தெரியும்படி எல்லப்பன் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடியில் இடது வலதாக மாறும். கண்ணாடிக்குள் சாய்ந்திருந்த இமையும் படத்தில் சாய்ந்திருந்த இமையும் ஒரே பக்கம் நின்றன. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் திம்மப்பன் கண்ணை இத்தனை பேர் இத்தனை பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப நீயும் பங்காளியாய்யா?" என்றார் கரியப்பன். குரலில் பாதி பலம் போயிருந்தது.

திம்மப்பன் உறையிலிருந்து கல் முகத்தின் படத்தை எடுத்து இரண்டு படத்துக்கும் நடுவில் வைத்தார். "நான் பங்காளின்னா இதுவும் பங்காளிதாங்க. பாத்துக்குங்க."

பச்சைக் கல் முகமும் ஓர் இமையைத் தாழ்த்திக் கரியப்பனைப் பார்த்தது. கதவோரம் நின்ற சென்னம்மாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பை அடக்கப் போய் அது மூக்கு வழியாக வந்துவிட்டது.

"என்னாய்யா இது, முனியப்பனா?"

"கடலுக்கு அந்தாண்ட ஒரு தேசத்துல கல்லுல செஞ்சதுங்க. செத்தவங்களுக்கு மூஞ்சியா கட்டி வெப்பாங்களாம். யாரு செத்தாலும் ஒரே மூஞ்சி. கண்ணு விழுந்துபோய் வெறுங்குழியா இருந்துது. நான்தான் போட்டேன்."

"ஆளுக்கு ஆள் வேற வேற மூஞ்சி வேணாமா?" என்று கேட்டார் செல்வம்மாள்.

"வேணாம்போல இருக்குதும்மா. மூஞ்சி இல்லாம போகக் கூடாது, அவ்வளவுதான்னு துரை சொன்னாரு."

கரியப்பன் அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு, "சரி, தட்டை எடுங்க" என்றார். செல்வம்மாளைப் பார்க்காமல், "செத்த மகராசியைப் பத்தி வாய்தவறிச் சொல்லிட்டேன். மனசுல வெக்காதீங்க சம்பந்தி" என்றார்.

திம்மப்பனுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்கள். கொடுத்தவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. வெங்கடம்மாள் மட்டும் கிளம்பும்போது படத்தைக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தார். "அழிச்சுடுங்க. எங்க ஊட்டுக்காரரு கண்ணு மூடியே இருக்கட்டும்."

திம்மப்பன் ஓசூருக்கு வந்து, பழைய கண்ணாடித் தகட்டைத் தேடி எடுத்து, டர்ப்பண்டைனால் பென்சிலைத் துடைத்தார். சென்னகிருஷ்ணன் இமைகளை மூடிக்கொண்டார். புதுப் பிரதியைச் சானமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, யானை இறங்கும் நேரத்துக்கு முன்னால் காட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

சேதி அவருக்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் போய்விட்டது. புரட்டாசியில் இரண்டு வீட்டுக்காரர்கள் படத்தைக் கொண்டுவந்து திருப்பி வீசினார்கள். ஒரு பெரியவர் ஸ்டூடியோ வாசலில் நின்று, "என் தகப்பன் மூஞ்சியில உனக்கென்னாய்யா வேலை?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஐப்பசியில் யாரும் கூப்பிடவில்லை. கார்த்திகையில் டிரெவின் துரை செத்துப்போனார். படம் வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். கல் போய்ச் சேர்ந்ததாக மியூசியத்திலிருந்து கடிதம் வந்தது மறு வாரம். ராஜப்பன் அதைக் கொண்டுவந்து திம்மப்பனிடம் கொடுத்து, "வேற யார்கிட்டக் குடுக்கறது?" என்றார்.

தையில் சின்னராஜுக்கும் சென்னம்மாவுக்கும் கல்யாணம். படம் எடுக்கக் கிருஷ்ணகிரியிலிருந்து ஆள் வந்தார். செல்வம்மாள் தானே வந்து திம்மப்பனுக்கு மஞ்சள் தடவின பத்திரிகை கொடுத்து, "கட்டாயம் வரணும்ண்ணா" என்றவர், கொஞ்சம் தயங்கி, "பெட்டி மட்டும் வேணாம்" என்றார். திம்மப்பன் போனார், கடைசிப் பந்தியில் சாப்பிட்டார், ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினார். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது எதிரே கல் முகம் வழக்கம்போல ஏதோ சொல்ல வந்து நிறுத்தியிருந்தது.

பங்குனி ஒன்பதாம் தேதி மத்தியானம் ஸ்டூடியோ வாசலில் ஒரு லாரி நின்றது. கரியப்பன் இறங்கினார். தோளில் துண்டு இல்லை, முகம் வீங்கியிருந்தது.

"எங்கம்மா போயிடுச்சுய்யா. மாரம்மா. விடியக்காலையில."

திம்மப்பன் எழுந்து நின்றார். "கிருஷ்ணகிரி உங்களுக்குப் பக்கமாச்சே. அங்க ஆள் இருக்காங்களே."

"அவனுக்குக் கண்ணு தெரியாது."

"என்னங்க?"

"உன் கண்ணு போடத் தெரியாதுய்யா! வேற எதையாவது போட்டுடுவான்." கரியப்பன் கதவு நிலையில் கை வைத்து நின்றார். "எந்த ஊட்டுக்குப் போனாலும் செத்தவங்க எல்லாரும் உன் கண்ணோடதான் தொங்கறாங்க. எங்கம்மா மட்டும் கண்ணை மூடிக்கினு தனியா இருக்கணுமா?"

"உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா..."

"வெங்கடம்மாதான் அனுப்பிச்சுது. மூடின கண்ணைப் பாத்துக்கினு அதால வெளக்கு வெக்க முடியலியாம். யாருமே பாக்காத மாதிரி இருக்குதாம். மச்சானுக்கும் திருப்பிப் போட்டுடச் சொல்லுது." உள்ளே எட்டிப் பார்த்து, சுவரில் இருந்த கல் முகத்தைக் காட்டினார். "அதோ, அதுக்குப் போட்டியே, அதே கண்ணு. கிளம்பு."

திம்மப்பன் தகடுகளை எடுத்து அடுக்கினார். பெட்டியை லாரியின் பின்னால் வைக்கப் போனவரைக் கரியப்பன் தடுத்து முன்னால் உட்காரச் சொன்னார். சூளகிரி தாண்டும்போது எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "யாருண்ணா?" என்று கத்தினார்.

அன்று மாலை வெளிச்சம் இறங்குவதற்குள் குந்தாரப்பள்ளியில் திம்மப்பன் நூற்றுப் பதினெட்டாவது படத்தை எடுத்தார்.